ஏறுறதுக்கு யாரு கூலி குடுக்கா?

1982-ஆம் வருடம் வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம். புரட்டாசியில் பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை விட்ட மறுநாள், நானும் அவரும் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறுவது என்று முடிவு செய்தோம். புதுசாகக் கல்யாணமானவர்கள் கொடைக்கானல் போவார்கள், வசதி இருந்தால் ஊட்டி போவார்கள். நான் போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளியில் இரண்டு வருட ஆசிரியை. அவர் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு சம்பளத்தையும் கூட்டினாலும் கொடைக்கானல் வராது. ஆனால் மலையில் குறிஞ்சி பூத்திருக்கிறது என்று கடைக்கு வந்த ஏலத்தோட்டக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் பூ, இந்தத் தடவை விட்டால் 1994 வரைக்கும் காத்திருக்க வேண்டும். ஜீப்புக்கும் சாப்பாட்டுக்கும் இருபது ரூபாய் எடுத்துவைத்தோம்.

வீட்டில் எதிர்ப்பு வந்தது ஒரே ஒருவரிடமிருந்து. அவருடைய அப்பத்தா முற்றத்தில் முறத்தைப் போட்டு ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தது. வெடித்தது ஒரு பக்கம், பச்சை மாறாதது ஒரு பக்கம். கை நிற்காமலே கேட்டது.

“சும்மா ஏறிட்டு சும்மா எறங்கப் போறீகளா?”

“ஆமா அப்பத்தா. பூப் பாக்க.”

“ஏறுறதுக்கு யாரு கூலி குடுக்கா?”

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தாலும், அப்பத்தா கேலியாகக் கேட்கவில்லை என்பது அதன் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அந்த மலையை அது கூலியில்லாமல் ஒரு நாளும் ஏறியதில்லை.

நாங்கள் கிளம்பும்போது முந்தியிலிருந்து இரண்டு சாமான் எடுத்துக் கொடுத்தது. ஒன்று, உப்பும் புகையிலையும் வைத்துக் கட்டிய சின்னத் துணி மூட்டை. கம்பு நுனியில் கட்டி அட்டை கடித்த இடத்தில் ஒற்றவேண்டும். இன்னொன்று தீப்பெட்டி. “மலையில நெருப்பு இல்லாதவன் பொணம்” என்றது. பிறகு சம்பந்தமில்லாததுபோல ஒன்று சொன்னது: “நான் மொத மொத ஏறுன வருசமும் பூத்துச்சு. அதுக்கப்பறம் இது நாலாவது பூ.”

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? ஜீப்பில் உட்கார்ந்து விரல் மடக்கினேன். நாலு பன்னிரண்டு நாற்பத்தெட்டு. 1934. தன் வயதையே சரியாகச் சொல்லத் தெரியாத மனுஷி, பூவை வைத்து எனக்கு ஒரு வருடத்தைத் துல்லியமாகக் கொடுத்திருந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பாதையின் கதையை விசாரிக்க ஆரம்பித்தேன்.

டாப் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கு வருகிறவர்கள் மலை உச்சியில் இருக்கும் பஸ் நிலையம் என்றோ, காட்சிமுனைக்கு வைத்த பெயர் என்றோ நினைக்கிறார்கள். அது தேயிலைப் பெட்டிகளை இறக்கிய கம்பிவடத்தின் மேல் முனை. கீழ் முனை கொட்டகுடியில். நடுவில் ஒன்று, இன்றைக்கும் ‘சென்ட்ரல்’ என்றே ஒரு குக்கிராமமாக இருக்கிறது. வடம் போய் எத்தனையோ காலம் ஆகியும் ஊர்ப் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் நின்றுவிட்டன.

தேயிலைக் கம்பெனி வருவதற்கு முன்பே இங்கே தடம் இருந்தது. முதுவர்கள் மதுரையிலிருந்து தெய்வத்தை முதுகில் சுமந்து மலையேறியதாகத் தங்கள் பெயருக்கே கதை சொல்வார்கள். முதுவாக்குடி இப்போதும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சார் ராஜாவிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அடுத்த இருபது வருடத்தில் அங்கே தேயிலை நிலைத்து, 1897-இல் கம்பெனியும் உருவானது. இலையைப் பறித்துக் காயவைத்துப் பெட்டியில் அடைத்தாயிற்று. எந்த வழியாக இறக்குவது என்பதுதான் கேள்வி. அவர்களுக்குக் கிடைத்த பதில், கிழக்கே செங்குத்தாக இறங்கினால் போடி.

1902-இல் மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பெட்டியின் பாரம் தண்டவாளத்தில் ஓடும் சின்னச் சக்கரத்தின் மேல் இருக்கும். பெட்டி சாயாமல் பிடித்துக்கொள்ள, ஒரு பெரிய சக்கரம் பக்கத்தில் மண்ணில் உருளும். இழுப்பது மாடு. 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் ரயில் பாதை அமைத்து நீராவி எஞ்சின் விட்டார்கள். தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷனில் வடத்தில் ஏறி, சுமார் ஐந்து கிலோமீட்டர் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடியில் இறங்கும். அங்கிருந்து போடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் மாட்டு வண்டி. 1928-இல் ரயில் வருகிற வரைக்கும் போடியிலிருந்தும் வண்டிதான், அம்மையநாயக்கனூர் ரயிலடி வரை. பிறகு தூத்துக்குடி, கப்பல், லண்டன். திரும்பி மேலே போகிற வடத்தில் தோட்டத்துக்கு அரிசி மூட்டை போகும்.

1924 ஜூலையில் பெய்த மழையில் மூணாறு ரயில் பாதை அடித்துக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதை இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறார்கள். தண்டவாளத்தைத் திரும்பப் போடவேயில்லை. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமானது.

இவ்வளவும் எழுதப்பட்ட வரலாறு. இதில் எதிலும் ஆள் எப்படி மேலே போனான் என்பது இல்லை. அதை அப்பத்தா தன் மாமியார் சொன்னதாக ஒரே வரியில் சொல்லும்: “தேயிலை கயித்துல போச்சு, அரிசி கயித்துல வந்துச்சு, மனுசன் கால்ல போனான்.”

அப்பத்தா போனது, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியின் முன்பணத்தில். தனி ஆளுக்கு முன்பணம் கொடுக்கக் கங்காணிகள் யோசிப்பார்களாம். இராத்திரியோடு இராத்திரியாக இறங்கி ஓடிவிடுவான். கல்யாணமான ஜோடி என்றால் நம்பிக் கொடுக்கலாம். ஆண் கவாத்துக்கும் குழி வெட்டவும், பெண் கொழுந்து பறிக்க. இரண்டு பேர் கூலியில் கடனும் கழியும், குழந்தை பிறந்துவிட்டால் காலும் கட்டுப்படும். அதனால் ஊரில் தாலி ஏறியதும் கங்காணி வாசலுக்கு வருவது சகஜம். அப்பத்தாவுக்குப் பதினாறு வயது. கல்யாணமாகி நாற்பதாம் நாள், தலையில் ஒரு ஈயச் சட்டியும் சோளமாவும், முன்னால் தாத்தா, பின்னால் அது. இரண்டு நாள் ஏறினார்களாம். இரவு சென்ட்ரலுக்குக் கீழே பாறையடியில் தங்கி, புலிக்குப் பயந்து விடிய விடிய நெருப்பு எரித்திருக்கிறார்கள்.

மேலே போனதும் ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார்கள், கூலியில் பிடித்தம். லயத்தில் ஒரு அறைக்கு இரண்டு ஜோடி. நடுவில் சாக்கைத் தொங்கவிட்டு மறைப்பு. “அந்தச் சாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதுக்கிட்டே கெடக்கும் தாயி” என்று ஒருமுறை அடுப்படியில் என்னிடம் சொல்லிச் சிரித்தது. தேனிலவு என்ற சொல்லை நான் அதனிடம் சொல்லவில்லை.

இனி நாங்கள் ஏறிய கதை. இலவ மரங்கள் நிற்கும் அடிவாரத்தைத் தாண்டியதும் பாதை ஏலமும் காப்பியும் நிறைந்த நிழலுக்குள் நுழைந்தது. ஒரு மணி நேரத்தில் அவருடைய செருப்பு வார் அறுந்தது. என் ரிப்பனை அவிழ்த்துக் கட்டினார். “டீச்சர், மார்க் போடாதீங்க” என்றார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கணவனும் மனைவியும், தலையில் ஆளுக்கொரு மூட்டையோடு எங்களைக் கடந்து போனார்கள். நாங்கள் மூச்சு வாங்கி ஏறிப்போனால் அவர்கள் மூட்டையைச் சுமைதாங்கிப் பாறையில் இறக்கி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். மறுபடி கடந்து போவார்கள். மூன்றாவது தடவை அந்தப் பெண் கேட்டாள்: “யாரு வீட்ல விசேசம்?”

“விசேசம் இல்லக்கா. பூப் பாக்கப் போறோம்.”

அவள் தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் வளைவில் மறைந்த பிறகும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சென்ட்ரலுக்கு மேலே காடு முடிந்து புல் தொடங்கியது. அதற்கு மேலே நீலம். எட்ட நின்று பார்த்தால் மலையின் மேல் யாரோ சேலையை உலர்த்தியது போலிருந்தது. கிட்டே போய் ஒரு பூவைப் பறித்துக் கையில் வைத்தால் சப்பென்றிருந்தது. கட்டைவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிய மணி, வெளிறிய ஊதா, அவ்வளவுதான். ஒரு செடியில் நூறு மணி, ஒரு சரிவில் எண்ண முடியாத செடி, அப்போதுதான் அது நீலமாகிறது. தேனீ இரைச்சலில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. என் கணுக்காலில் மூன்று அட்டை. அப்பத்தாவின் மூட்டையை ஒற்றினார், சுருண்டு விழுந்தன. மேலே கம்பிவட நிலையத்தின் இடிபாட்டில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். மூணாறு பஸ்ஸில் ஏறி, போடிமெட்டு வழியாக வீடு வந்து சேரும்போது மறுநாள் மத்தியானம். தீப்பெட்டியை அப்பத்தாவிடம் திருப்பிக் கொடுத்தேன். எத்தனை குச்சி குறைந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது.

அப்பத்தா ஐந்தாவது பூவைப் பார்க்கவில்லை. 1994-இல் பிள்ளைகளோடு ஏறினோம். 2006-இல் எனக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் மூணாறு வழியாக வண்டியில் போனோம். அதற்குள் குரங்கணிப் பாதைக்கு ‘ட்ரெக்கிங் ரூட்’ என்று பெயர் வந்திருந்தது. சனி ஞாயிறுகளில் முதுகுப்பையோடு இளம் ஜோடிகள் ஜீப்பிலிருந்து இறங்குவார்கள். ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எங்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. கோடையில் காய்ந்த புல், மலைச்சரிவில் மேல் நோக்கி ஓடும் நெருப்பு, பழக்கமில்லாத கால்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள். அங்கேயும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். அவர்களில் மணமாகிச் சில மாதங்களே ஆன இளையவர்கள் இருந்தார்கள். முதலில் ஓடி ஏறியவர்கள் அடிவாரத்துக்காரர்கள். போர்வையில் தொட்டில் கட்டி, கம்பில் சுமந்து, இருட்டில் இறக்கினார்கள். அன்றிரவு போடியில் ஆம்புலன்ஸ் சத்தம் ஓயவில்லை. அவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். “நம்ம ஏறுனப்ப புல்லு பச்சையா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடமே ஆகஸ்டில் குறிஞ்சி பூத்தது. கீழிருந்து ஏறும் பாதை மூடிக் கிடந்தது. அதே ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்து, எல்லோரும் தொண்ணூற்றொன்பதைப் பற்றிப் பேசினார்கள்.

மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது அந்தத் தீக்குப் பிறகுதான். 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைப் பட்டியலிட்டு, இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டிப் போகும் திட்டத்தைத் தொடங்கியது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை போகும் பாதை அதில் ஒன்று. அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்களே வழிகாட்டிகள்.

போன வருடம் தங்கை மகளும் அவள் கணவனும் கிளம்பினார்கள். கல்யாணமாகி ஐந்து மாதம். நாங்கள் இரண்டு பேரும் வழியனுப்பக் குரங்கணி வரை ஜீப்பில் போனோம். வழிகாட்டிப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பெயர், வயது, தண்ணீர் பாட்டில், ஷூ என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டான். அவன் பாட்டியும் கொழுந்து பறிக்க இந்த வழியாகத்தான் ஏறினாளாம். “உனக்குத் தினக்கூலி உண்டாப்பா?” என்று கேட்டேன். உண்டு என்றான். அப்பத்தாவின் கேள்விக்கு இத்தனை காலம் கழித்து ஒருவன் பதில் சொல்கிறான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

பிறகு அவர்கள் பைகளைத் திறக்கச் சொன்னான். தங்கை மகளின் பையில் பக்கவாட்டு அறைக்குள் கையை விட்டவன் ஒரு தீப்பெட்டியை எடுத்தான். அவளுக்கே தெரியாமல் நான் வைத்தது.

“இது மேல போகக்கூடாதும்மா” என்று என்னிடம் நீட்டினான்.

வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.