குரலிலேயே முகம் செய்தவர்கள்

1943. வட ஆப்பிரிக்கப் போர்முனை. பிரிட்டிஷ் படையின் கனத்த பீரங்கி ஒன்று மேட்டிலிருந்து நழுவி உருண்டு, கீழே நின்ற சின்ன வயர்லெஸ் லாரிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. லாரிக்குள் இருந்தவர் ஹாரி சீகோம். சற்று நேரத்தில் ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்து, இந்தப் பக்கம் ஒரு பீரங்கி வந்ததா என்று விசாரித்தார். அவர் ஸ்பைக் மில்லிகன். 1918இல் நம் அகமதுநகரில் ராணுவக் குடும்பத்தில் பிறந்தவர். பி.பி.சி. வானொலியின் நகைச்சுவை நிகழ்ச்சியான 'கூன் ஷோ'வுக்கு விதை விழுந்தது அங்கேதான் என்பேன்.

போர் முடிந்தது. மில்லிகன் இத்தாலியில் குண்டடிபட்டு, மனமும் நொறுங்கித் திரும்பியிருந்தார். லண்டனில் ஜிம்மி கிராஃப்டன் என்பவர் நடத்திய மதுக்கடையே புகலிடம். கிராஃப்டன் வானொலிக்கு நகைச்சுவை எழுதுகிறவர். மில்லிகனுக்கு மாடியில் இடம் கொடுத்தார். சீகோம் வந்தார், மைக்கேல் பென்டைன் வந்தார், பீட்டர் செல்லர்ஸும் வந்து சேர்ந்தார். நால்வரும் படையில் இருந்தவர்கள். அதிகாரியின் அதட்டலும் அர்த்தமில்லாத உத்தரவும் அவர்கள் காதிலேயே தங்கியிருந்தன.

செல்லர்ஸ் வானொலிக்குள் நுழைந்ததே குரலால்தான். 1948இல் தயாரிப்பாளர் ராய் ஸ்பியருக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்றைய வானொலி நட்சத்திரம் கென்னத் ஹார்னின் குரலில் பேசினார். பீட்டர் செல்லர்ஸ் என்று ஒரு பையன் இருக்கிறான், விட்டுவிடாதீர்கள் என்று தனக்குத் தானே சிபாரிசு! பிறகு உண்மையை ஒப்புக்கொண்டார். வாய்ப்பு கிடைத்தது.

1951 மே 28இல் முதல் ஒலிபரப்பு. 'கூன்' என்றதும் நமக்கு முதுகு நினைவுக்கு வரும். இது பாப்பாய் படக்கதையில் வரும் விசித்திரப் பிறவிகளின் பெயர். பி.பி.சி. மேலிடத்துக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. 'கிரேஸி பீப்பிள்' என்றுதான் முதலில் அறிவித்தார்கள். 1952இல் இரண்டாம் தொடரில்தான் நால்வரும் விரும்பிய பெயர் வந்தது. அந்தத் தொடரோடு பென்டைன் விலகினார்.

வாரம் ஒரு கதை எழுதும் சுமை மில்லிகனை உடைத்தது. 1952 முடியும் முன்பே மருத்துவமனையில் கிடந்தார். ஆனாலும் சத்தத்தில் அவர் சமரசம் செய்ததில்லை. 'சொத்'தென்று ஒரு ஓசை வேண்டுமென்று, பி.பி.சி. கேன்டீனில் கஸ்டர்ட் வாங்கிக் காலுறையில் ஊற்றி வீசிப் பார்த்தவர் அவர். வெடிச்சத்தம் கேட்டு நடுங்கிய மனிதர், வெடிச்சத்தத்தையே சிரிப்பாக்கினார். அந்தத் துணிச்சலை நான் வணங்குகிறேன்.

மைக்கின் முன் செல்லர்ஸ் கோழை மேஜராவார், மறுநொடி தள்ளாடும் கிழவராவார், அடுத்து கீச்சுக்குரல் சிறுவன் புளூபாட்டில். ஒரே காட்சியில் இரண்டு மூன்று பேராகத் தானே பேசிக்கொள்வார். 1964இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்தில் மூன்று வேடங்களில் அவர் உலகத்தையே அசத்தியபோது வியந்தவர்கள் பலர். வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழகிய வித்தை. ஒப்பனை பிறகு வந்தது. குரல்தான் முதலில் பிறந்தது.

1960 ஜனவரி 28இல் கடைசி நிகழ்ச்சி ஒலித்தது. ஆரம்பத் தொடர்களின் ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. பிந்தைய தொடர்கள் பல கிடைக்கின்றன. விளக்கை அணைத்துவிட்டு ஒன்றைக் கேளுங்கள்.