கயிறு பிடிப்பவர்

சிவிகை என்னும் சொல்லைத் தமிழ் இலக்கியம் பெரும்பாலும் பெருமையின் அடையாளமாகவே கையாண்டு வந்திருக்கிறது. திருக்குறளின் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் அதைச் சுமப்பவனும் அதில் ஊர்பவனும் அருகருகே வருகிறார்கள். அக்குறளுக்கு உரையாசிரியர்கள் கண்ட பொருளும் பிற்காலத்தார் கண்ட பொருளும் முரண்படுவது நாம் அறிந்ததே. பெரிய புராணத்தில் திருஞானசம்பந்தருக்குத் திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச்சிவிகை கிடைக்கிறது. அவர் திருப்பூந்துருத்திக்கு வரும்போது கூட்டத்தோடு கூட்டமாக நின்று அச்சிவிகையைத் தாங்கியவர் முதுமை எய்திவிட்ட திருநாவுக்கரசர். அப்பர் எங்கே என்று பிள்ளை வினவ, சிவிகையின் அடியிலிருந்து விடை வருகிறது. அடியார் பெருமைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் நாம் நடத்தும் பகுதி இது. ஆனால் நோயாளியை அன்றாடம் தூக்கி இறக்க வேண்டிய வீட்டில் இருந்துகொண்டு படித்தால், பெருமையைக் கடந்து வேறொன்று கண்ணில் படுகிறது. யார் தூக்குவது, அவருக்கு வயது என்ன, எத்தனை நாள் தூக்க முடியும்?

எங்கள் பெரியம்மாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தூத்துக்குடியின் பழைய தெருக்கள் பலவற்றில் உள்ளதுபோலக் கீழே கடை, மேலே குடியிருப்பு. நடுவில் பத்தொன்பது படிகள்: பத்து ஏறியதும் ஒரு சிறு இடைத்தளம், அங்கே திரும்பினால் மேலும் ஒன்பது. இறங்குவதைக் காட்டிலும் சிகிச்சை முடிந்து ஏறுவதுதான் கொடுமை. இரத்த அழுத்தம் தாழ்ந்து, தலை சுற்றி, கால் துவண்டு வரும் வேளை அது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இருவர் தூக்குவோம். அந்த நாற்காலியின் கால்கள் மனிதரைத் தூக்குவதற்காக வார்க்கப்பட்டவை அல்ல.

கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். வேறு ஊராயின் அதுவே சரியான விடை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரின் பல பகுதிகளில் தண்ணீர் வடியப் பல நாட்கள் ஆயின. அந்நாட்களில் முதியோரையும் நோயாளிகளையும் மாடிக்கு ஏற்றியவர்கள்தாம் நாம். கடைக்காரரைக் காலி செய்யச் சொல்வது ஒருபுறம் இருக்க, படுக்கையை விட்டு எழ முடியாதவரைத் தரைத்தளத்தில் வைத்திருக்க இந்த ஊரில் யாருக்கும் இனி எளிதில் மனம் வராது. ஆகவே படிக்கட்டை வெல்லும் வழியைத் தேட வேண்டியதாயிற்று.

ஸ்டேர் லிஃப்ட் எனப்படும் படியேறும் நாற்காலியின் கதை அரண்மனையில் தொடங்குகிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1536இல் குதிரைப் போட்டியில் விழுந்து அடிபட்டார். பின்னாளில் உடல் பருத்து, கால் புண்ணோடு நடமாட முடியாமல் தவித்தார். லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் அவருக்குப் படிக்கட்டில் ஏறி இறங்கும் ஆசனம் ஒன்று இருந்ததாக வரலாற்றாய்வாளர் டேவிட் ஸ்டார்க்கி எடுத்துக்காட்டியிருக்கிறார். அதை இழுத்தவர்கள் கப்பியும் கயிறும் பிடித்த பணியாளர்கள். பொறி என்று பெயர், உள்ளே இருந்தது ஆள்பலம். தூக்க ஆள் இருக்கும் வரை எந்த மன்னருக்கும் அதற்கு மேல் ஒரு பொறி தேவைப்படவில்லை.

1921இல் இளம்பிள்ளை வாதத்தால் கால்களை இழந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட், ஹைட் பார்க் வீட்டில் பெட்டிகளை ஏற்ற வைத்திருந்த கைத்தூக்கியில் அமர்ந்து, கயிற்றைத் தம் கைகளாலேயே இழுத்து மாடி ஏறினார். பிறர் கையை நம்பியிருக்க மனமில்லாதவருக்குத் தம் தோள்வலி உதவிற்று. அந்த வலியும் இல்லாதவருக்கு? விடை அதே நாட்டில், பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க்கில் வாழ்ந்த கிரிஸ்பென் என்பவரிடமிருந்து வந்தது. அவர் மோட்டார் வாகன வணிகர். நோயுற்று மாடியிலேயே முடங்கிவிட்ட நண்பர் ஒருவர் கீழே வந்து குடும்பத்தோடு அமர வேண்டும் என்பதற்காக, 1920களின் தொடக்கத்தில், படியோரம் தண்டவாளம் பதித்து மின்விசையால் ஓடும் மடக்கு நாற்காலியை அமைத்தார். பெரிய கண்டுபிடிப்பாளர் பட்டியல்களில் அவர் பெயர் வருவதில்லை. நமக்கென்னவோ அப்பட்டியல்களில் உள்ள பலரைவிட அவர் மேலானவராகத் தோன்றுகிறார்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். கயிற்றால் ஏற்றி இறக்கும் தொழிலில் தூத்துக்குடிக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய துறைமுகம் ஆழமற்றது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, சரக்கு தோணிகளில் போய் வந்தது. 1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இவை யாவும் சரக்கைத் தூக்கிய கதை. மனிதரைக் கயிற்றில் இறக்கி ஏற்றிய கதை அவற்றினும் பழையது, அது முத்துச்சலாபம். குளிப்பவர் காலில் கல்லைக் கோத்து ஆழத்துக்கு இறங்குவார். கல் மேலே போய்விடும். மூச்சு முட்டும் நேரத்தில் அவர் கயிற்றை அசைக்க, தோணியில் நிற்பவர் இழுத்தாக வேண்டும். அக்கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் மட்டுமே கொடுப்பார்கள் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தங்கை தாலியறுக்கப் பொறுக்காதவன் கை தளரமாட்டான் என்பது கணக்கு. வழக்கம் எங்கும் அப்படியே இருந்ததோ இல்லையோ, கணக்கு துல்லியமானது. 1961க்குப் பின் இங்கே சலாபம் நடக்கவில்லை.

சரக்கைத் தூக்குவதற்கும் ஆளைத் தூக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த மைத்துனன் கதை சொல்லிவிடுகிறது. மூட்டை விழுந்தால் நட்டம். ஆள் விழுந்தால்? 1854இல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் மேடையில் ஏறி நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். கயிறு அறுந்ததும் பற்கள் விரிந்து சட்டத்தைக் கவ்வ, மேடை அந்தரத்தில் நின்றது. தூக்கும் பொறி அதற்கு முன்பே இருந்தது. அவர் சேர்த்தது, கயிறு போனாலும் விடாத பிடி ஒன்றை. மைத்துனனின் இடத்தில் ஓர் இரும்புப் பல் வந்து உட்கார்ந்தது எனலாம்.

இதை ஏட்டில் படிப்பதற்கு முன்பே ஒரு பட்டறையில் கேட்டோம். துறைமுகத்துக்கு வேலை செய்யும் லேத் பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்து படியை அளந்து பார்த்தார். செயின் பிளாக்கும் மோட்டாரும் வைத்துச் சில ஆயிரங்களில் முடித்துவிடலாம் என்று உறவினர் சிலர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவர் தலையசைக்கவில்லை. “மூட்டைன்னா நாளைக்கே மாட்டித் தாரேன் சார். ஆளுன்னா யோசிக்கணும்லா” என்றார். ஓட்டிஸ் சொன்னதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கோயில்கள் இவ்வகையில் முந்திக்கொண்டன. 693 படிகள் கொண்ட பழனி மலைக்கு 1966இல் மின் இழுவை ரயிலும் 2004இல் ரோப் காரும் வந்தன. சோளிங்கருக்கும் அய்யர்மலைக்கும் 2024இல் ரோப் கார் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுக் கட்டடங்களின் வாசலைத்தான் கருதின. கடைக்கு மேல் குடியிருப்பவரின் பத்தொன்பது படிகள் எந்தத் திட்டத்திலும் இல்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விபத்துற்றுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தைப் பற்றி அறிந்தோர், கட்டும்போதே சாய்தளம் வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிவார்கள். நம் வீடுகளைக் கட்டியவர்களுக்கு முதுமை வரும் என்ற நினைவே இருந்ததாகத் தெரியவில்லை.

விலைக்கு வருவோம். படியேறும் நாற்காலியின் விலையை முடிவு செய்வது பெரும்பாலும் நாற்காலி அன்று, தண்டவாளம். நேரான படிக்கட்டுக்கான தண்டவாளம் பொதுவான சரக்கு. வெட்டிக் குறைக்கலாம், ஒரு வீட்டிலிருந்து கழற்றி இன்னொரு வீட்டில் பொருத்தலாம். திருப்பம் உள்ள படிக்கட்டுக்கோ அந்த ஒரு வீட்டை அளந்து வளைத்தாக வேண்டும். வேறெங்கும் அது பயன்படாது. ஆகவே பல மடங்கு விலை. மோட்டாருக்கு மின்கலம் உண்டு என்பதால் மின்தடையின்போதும் நாற்காலி நடுவழியில் நின்றுவிடாது. தண்டவாளத்தைச் சுவரில் அல்ல, படிகளில்தான் பதிக்கிறார்கள் என்பதால் பழைய சுண்ணாம்புச் சுவரைப் பற்றிய கவலையும் வேண்டாம். உப்புக்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும். துடைத்துப் பேண வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: நோயாளியால் நிமிர்ந்து உட்கார முடிகிறதா என்பது. முடியாதவருக்கு இந்தக் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உதவாது. அவருக்குத் தூக்குப்படுக்கையும் நான்கு பேரும்தான் வழி.

பெரியம்மாவால் உட்கார முடியும். வளைந்த தண்டவாளத்துக்குச் சொன்ன விலையில் ஓராண்டு மருந்துச் செலவு அடங்கிவிடும் என்பதால், படிக்கட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கீழுள்ள பத்துப் படிகளுக்கு மட்டும் நேரான தண்டவாளம்; பயன்படுத்தப்பட்டது. சென்னையில் ஒரு வீட்டில் இனி அதற்குத் தேவையில்லை என்றார்கள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. மின்கலங்களைப் புதிதாக மாற்றி, தானே நிற்கும் தடுப்பை நிறுவன ஆளே சோதித்துப் பார்த்த பிறகுதான் பதித்தோம். மேலுள்ள ஒன்பதுக்கு இன்னொரு நேர்த் தண்டவாளம் கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை இடைத்தளத்தில் ஒரு பெஞ்சு. செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் அடுத்த வீட்டுப் பையன்கள் இருவர் அங்கே வந்து நிற்கிறார்கள். பெரியம்மா எழும்போது மூத்தவன் முதலில் தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறான். படியில் வெறுங்கால்தான் வழுக்காது என்கிறான்.