திருடனைக் கொல்லும் உரிமை பிறந்த கதை

திருவனந்தபுரத்திலிருந்து கிழக்கே நெடுமங்காடு தாண்டி பாலோடு, விதுரா பக்கம் போனால் சரிவெல்லாம் ரப்பரும் வாழையும் மரச்சீனியும்தான். கிழங்கு முற்றுகிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். விடிந்து பார்த்தால் ஒரு பாத்தியே புரண்டு கிடக்கும். வயிறெரிந்த விவசாயிகளில் சிலர், கேரளத்தின் பல மாவட்டங்களில், ஒரு காரியம் செய்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே நிற்கும்படி குச்சிகளை நட்டு, மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, இருட்டியதும் மின்வாரியத்தின் லைனில் கொக்கி போடுகிறார்கள். விடியுமுன் கொக்கியைக் கழற்றிவிட்டால் வெறும் கம்பி. மலையாளத்தில் அதற்குப் பன்னிக்கெணி என்று பேர்.

அந்தக் கம்பிக்குப் பன்றிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாது. 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை ஆயுதப்படை முகாமை ஒட்டிய வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் அப்படித்தான் செத்தார்கள். 2025 ஜூனில் மலப்புறம் வழிக்கடவில், நண்பர்களோடு மீன் பிடிக்கப் போன பத்தாம் வகுப்புப் பையன் செத்தான். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் யாராவது ஒருவர் கேட்கிறார்: "என் நிலம், என் பயிர், ராத்திரி நேரத்தில் அவன் ஏன் உள்ளே வந்தான்?" கோபத்தில் கேட்பதுதான் என்றாலும், கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பொருளைக் காக்க உயிரை எடுக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது என்று. பாதி உண்மை. அந்தப் பாதி எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

1834-ல் மெக்காலே இந்தியாவுக்கு வந்தார். அவர் தலைமையிலான முதல் சட்ட ஆணையம் 1837-ல் தண்டனைச் சட்ட வரைவைக் கொடுத்தது. தற்காப்பு உரிமையை ஏன் இவ்வளவு தாராளமாக வைத்தோம் என்று அந்த வரைவோடு சேர்த்த குறிப்பிலேயே காரணம் சொல்லியிருக்கிறார்கள். இந்த நாட்டு மக்கள் கொள்ளைக் கூட்டம் வந்தாலும் எதிர்த்து நிற்காமல் பொறுத்துப் போகிறார்கள். அவர்களுக்கு ஆண்மையும் துணிவும் ஊட்ட வேண்டும். அதனால் இந்த உரிமைக்குக் கட்டுப்பாடு கூட்டுவது சரியல்ல என்பது அதன் சாரம். நம்மைக் கோழை என்று கணக்குப் போட்டு, அதற்கு மருந்தாகக் கொடுத்த உரிமை இது. நம்மை ஆண்டவர்களின் மதிப்பீட்டில் பிறந்த சட்டத்தை நாம் இன்றும் நம் நியாயமாகவே பேசிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

வரைவு 23 வருஷம் கிடப்பில் கிடந்து, திருத்தங்களோடு 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. அதில் 103-ஆம் பிரிவுதான் நம் கதாநாயகன். சொத்தைக் காக்கும்போது எதிராளியின் உயிரையே எடுக்க நேர்ந்தாலும் குற்றமில்லை என்று நான்கு சந்தர்ப்பங்களை அது சொன்னது. முதலாவது கொள்ளை. இரண்டாவது இரவில் வீட்டை உடைத்துப் புகுவது. மூன்றாவது, மனிதர் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடம், கூடாரம், கலத்துக்குத் தீ வைப்பது. நான்காவது சாதாரணத் திருட்டு, சேதம், வீட்டில் அத்துமீறல். ஆனால் தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் நேரும் என்று நியாயமாக அஞ்ச இடமிருக்க வேண்டும். இந்த நான்கில் அடங்காத திருட்டுக்கும் அத்துமீறலுக்கும் அடித்து விரட்டலாம், கொல்ல முடியாது என்றது அடுத்த பிரிவு. எதுவானாலும் தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது, போலீசைக் கூப்பிட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்று 99-ஆம் பிரிவு கடிவாளம் போட்டது.

திருவனந்தபுரத்துக்கு இந்தச் சட்டம் நேராக வரவில்லை. திருவிதாங்கூர் தனி சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியச் சட்டத்தின் அச்சிலேயே கொல்லம் ஆண்டு 1074-ல், அதாவது 1898-99 வாக்கில், தனக்கென்று ஒரு தண்டனைச் சட்டம் செய்துகொண்டது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் அப்போது அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் இருந்தன. 1944-ல் திருவிதாங்கூர் மரண தண்டனையை ஒழித்தது. கொலைகாரனைக்கூடத் தூக்கிலிடாத ஒரு நாடு அது. சமஸ்தானம் இணைந்து, 1951-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்ததோடு அந்தத் தனிவழி முடிந்தது.

கம்பிக்கு வருவோம். சட்டம் போட்டவர்கள் நினைத்தது கண் விழித்து நிற்கும் ஒரு மனிதனை. கதவு உடையும் சத்தம் கேட்டு எழுந்தவன், வந்தவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அந்த நொடியில் முடிவெடுப்பான். ஆள் இல்லாமல் கொல்லும் பொறியை என்ன செய்வது என்ற கேள்வி இங்கிலாந்தில் அதற்கு முன்பே வந்துவிட்டது. நிலக்கிழார்கள் தோட்டங்களில் நூல் கட்டிய துப்பாக்கி வைப்பார்கள். காலில் நூல் பட்டால் வெடிக்கும். 1825-ல் ட்யூலிப் பூந்தோட்டம் ஒன்றில், ஓடிப்போன ஒரு மயிலைப் பிடித்துக் கொடுக்கச் சுவரேறிக் குதித்த இளைஞன் இப்படிச் சுடப்பட்டான். மாலை வெளிச்சத்தில், உதவப் போன இடத்தில். 1827-ல் நாடாளுமன்றம் அந்தத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. இரவில் குடியிருக்கும் வீட்டுக்குள் வைப்பதற்கு மட்டும் விலக்கு. மறு வருஷம் நீதிமன்றம் அந்த இளைஞனுக்கு நஷ்டஈடு தர வேண்டுமென்றது.

இந்தியாவில் அதே கேள்வி ஒரு கழிப்பறை வழியாக வந்தது. பீகார், சம்பாரண் மாவட்டம், 1959 ஜூலை. பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்துவிட்டதால், அந்த வீட்டுப் பெண் அடுத்த வீட்டுக் கழிப்பறைக்குப் போய்வந்தார். வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தும் கேட்காததால் போகிற வழியில் உறையில்லாத கம்பியைக் கட்டி மின்சாரம் பாய்ச்சினார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. அந்தப் பெண் உள்ளே போகும்போது கம்பி படவில்லை. திரும்பும்போது கை பட்டது.

செரூபின் கிரகரி எதிர் பீகார் அரசு என்ற அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1963-ல் தீர்ப்பு எழுதியவர் சென்னையிலிருந்து போன நீதிபதி ராஜகோபால ஐயங்கார். என் இடம், என் தற்காப்பு உரிமை என்ற வாதம் எடுபடவில்லை. அத்துமீறி நுழைந்தவன் என்பதற்காக அவன் சட்டத்தின் காவலை இழந்துவிடுவதில்லை என்றார். நூல் கட்டிய துப்பாக்கியைப் பற்றிய ஆங்கிலேய வழக்குகளையும் நினைவுபடுத்தி, இப்படிப் பொறி வைப்பது, தான் சுடாமலே ஒருவனைச் சுட ஏற்பாடு செய்வது என்று காட்டினார். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகக் கொடுத்த தண்டனை நின்றது. பன்றிக்கு வைத்தேன், மனிதன் மாட்டினான் என்பவருக்கும் இந்தத் தீர்ப்பே பதில். மனிதர் நடக்கும் மண்ணில் உயிரெடுக்கும் கம்பியைக் கட்டியவர் அதை முன்பே யோசித்திருக்க வேண்டும். 2022 மே மாதம் திருவனந்தபுரத்தில் கேரள அமைச்சரவை, பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தபோதும் விஷம், வெடி, மின்சாரம் மூன்றையும் விலக்கியே கொடுத்தது. விற்பனையில் உள்ள முறையான மின்வேலி வேறு விஷயம். அது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான துடிப்புகளாகவே மின்சாரத்தை விடும். தொட்டால் சுண்டி விரட்டும், பிடித்து வைத்துக் கொல்லாது. பயிர்ச் சேதத்துக்கு நஷ்டஈடு வேகமாகக் கிடைத்து, அந்த வேலிக்கு மானியமும் வந்தால், லைனில் கொக்கி போடும் கை குறையும். விவசாயியின் இழப்பு பொய்யல்ல.

கம்பியை விட்டால், 103-ஆம் பிரிவிலேயே எனக்கு ஒரு தீராத வழக்கு இருக்கிறது. திருடும் நோக்கத்தோடு இரவில் வீடு உடைத்துப் புகுந்தவனை நீதிமன்றத்தில் நிறுத்தினால், சாட்சி விசாரித்து, வாதம் கேட்டு, நீதிபதி கொடுக்கக்கூடிய உச்ச தண்டனை 14 வருஷம். அரசு எடுக்க முடியாத உயிரை வீட்டுக்காரர் எடுக்கலாம் என்றால், அவருக்கு உயிர்பயம் இருந்தது என்பது ஒன்றே அதற்கு நியாயமாக இருக்க முடியும். நள்ளிரவில் கதவு உடைந்தால் பெரும்பாலும் அந்தப் பயம் இருக்கும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சட்ட வாசகம் அதைக் கேட்பதில்லை. இரவும் உடைப்பும் இருந்தால் போதும். ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, உயிரெடுக்கும் பலத்தை ஒரு மனிதரை வன்முறையிலிருந்து காக்க அனுமதிக்கிறது. வெறும் சொத்தைக் காக்க என்று அதில் இல்லை. நம் அரசியலமைப்பிலும் 1978-ல் 44-ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உயிர் வாழும் உரிமை அங்கேயே இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 103 இப்போது 41. காலனிய மிச்சத்தைத் துடைக்க வந்த சட்டம் என்று சொல்லப்பட்டது. இந்தப் பிரிவில் அது செய்தது என்ன? 'இரவில்' என்பதை 'சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன்' என்று விரித்து எழுதியது. தீயோடு வெடிபொருளைச் சேர்த்தது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான இடமிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நான்காவது வகைக்குக் கீழே மட்டும், 1860-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதே வாசகத்தை இரவில் வீடு உடைப்பதற்கும் சேர்த்து எழுத ஒரு வரித் திருத்தம் போதும்.