போலீஸ் படிவமும் கோணனகுண்டே வீடும்

போன மாதம் வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஆஸ்டின் டவுனுக்குக் குடிவந்து இது ஆறாவது வருடம். வீட்டு ஓனரம்மா (எழுபதைத் தாண்டியவர், பூர்வீகம் வேலூர்ப் பக்கம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே தெரு) வழக்கமான முத்திரைத்தாளோடு இன்னொரு காகிதத்தையும் நீட்டினார். குடியிருப்பவரைப் பற்றிய போலீஸ் படிவம். புகைப்படம், சொந்த ஊர் முகவரி, வேலை பார்க்கும் இடம்...

"ஏம்மா, ஆறு வருஷமா பாக்குறீங்க, இன்னுமா சந்தேகம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தொண்ணூத்தொண்ணுல நாங்க பட்டது உங்களுக்குத் தெரியாது தம்பி" என்றார்.

அப்போது பின்கட்டில் இரண்டு பையன்கள் வாடகைக்கு இருந்தார்களாம். தூத்துக்குடிப் பக்கம், லேத் பட்டறையில் வேலை. ஆகஸ்ட் மாதம் ஒரு ராத்திரி போலீஸ் வந்து இரண்டு பேரையும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனது. வீட்டுக்காரர் மூன்றாம் நாள் திரும்பினார். பையன்கள் மேல் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்களாம், ஆனால் அவர்கள் இந்தப் பக்கம் வரவே இல்லை. ஸ்டவ், பாய், துணிமணி எல்லாம் அப்படியே கிடந்தது. "அவங்க அட்வான்ஸ் ஆயிரம் ரூபா இன்னும் எங்ககிட்டதான் இருக்கு" என்றார் அந்த அம்மா. வங்கிக்காரன் காதில் இந்த வாக்கியம் எப்படி விழும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் அப்போது ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் மறுநாள் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்ததும்தான் எனக்கு நினைவு. அவரோடு காவலர்கள் உட்பட இன்னும் பலர் செத்தார்கள். அவர்களின் பெயரை நாம் யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. திட்டத்தை முன்நின்று நடத்திய சிவராசன், சுபா உள்ளிட்டோர் சென்னையிலிருந்து டேங்கர் லாரிக்குள் ஒளிந்து பெங்களூர் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக இருந்தது கனகபுரா ரோட்டில் கோணனகுண்டே. இன்று மெட்ரோ ஓடுகிற இடம், அன்று ஊருக்கு வெளியே. கமாண்டோக்கள் வீட்டைச் சுற்றி வளைத்து, மேலிடத்து உத்தரவுக்காக ஒரு நாளுக்கு மேல் காத்திருந்து, ஆகஸ்ட் 20 விடியலில் உள்ளே போனபோது ஏழு பேரும் பிணம்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் தமிழ் பேசுகிற வாலிபன் என்றாலே ஒரு பார்வை. அதே வருடம் டிசம்பரில் காவிரிக் கலவரமும் சேர்ந்துகொண்டது. சந்தேகப்பட்டவர்கள் ஒரு பக்கம், அடித்தவர்கள் ஒரு பக்கம். ஊருக்கு மூட்டை கட்டியவர்கள் எத்தனையோ பேர்.

வழக்கு நடந்தது தடா சட்டத்தில். பஞ்சாபுக்காக என்று சொல்லி 1985-ல் இரண்டு வருடத்துக்குக் கொண்டுவந்த சட்டம் அது. பத்து வருடம் ஓடியது. சாதாரணச் சட்டப்படி போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஏன் செல்லாது என்று லாக்கப் பற்றித் தெரிந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தடாவின் 15-ம் பிரிவு, எஸ்.பி. பதவியில் உள்ளவர் எழுதிக்கொண்டால் செல்லும் என்றது. பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு சொன்னது. இருபத்தாறு பேருக்கும்! 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே விட்டது. இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவில் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. பி.காம். படித்த என் மூளைக்கு இது இன்றுவரை புரியவில்லை. கணக்கே செல்லாது என்றான பிறகு அதன் காசோலை மட்டும் எப்படிப் பாஸாகும்?

பேரறிவாளன் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கைதானபோது வயது 19. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. வாக்குமூலத்தை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், எதற்கு என்று தெரியாமல் வாங்கினேன் என்று அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக 2013-ல் சொன்னார். இருபத்திரண்டு வருடம் கழித்து! உச்ச நீதிமன்றம் 2022 மே 18-ல் விடுதலை செய்தபோது பேரறிவாளனுக்கு ஐம்பது வயது.

தடா 1995-ல் காலாவதியானது. 2002-ல் பொடா வந்தது. அதை ஆதரித்த கட்சிகளில் வைகோவின் மதிமுகவும் ஒன்று. நாலு மாதத்தில், திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று அதே சட்டத்தில் வைகோவைப் பிடித்து வேலூர் சிறையில் ஏறக்குறைய 19 மாதம் வைத்தார்கள். வேறு எவனுக்கோ என்று நினைத்துக் கை தூக்குகிற சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வர நாலு மாதம் போதும் போலிருக்கிறது. பொடா 2004-ல் போனது. அதன் பல பிரிவுகள் யு.ஏ.பி.ஏ.வுக்குள் குடிபுகுந்தன. போலீஸ் வாக்குமூலப் பிரிவு மட்டும் வரவில்லை, அதுவரைக்கும் ஆறுதல்.

போலீஸை மட்டும் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு, தீவிரவாதத்துக்குப் போகும் பணத்தைத் தடு என்று உலகமே வங்கிகள் பக்கம் திரும்பியது. நம் நாட்டில் 2005 ஜூலையிலிருந்து கருப்புப் பணத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் ரொக்கம் என்றால் அறிக்கை. சந்தேகம் என்றால் தனி அறிக்கை, அதை வாடிக்கையாளருக்குச் சொல்லவும் கூடாது. அன்றிலிருந்து கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நாங்களும் ஒருவகையில் வேவுக்காரர்கள்தான் :-)

2012-ல் வேறு ஒரு கிளையில் இருந்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் கணக்குத் தொடங்க வந்தார். கையில் ஊர் ரேஷன் கார்டு மட்டும். இங்கே இருப்பது தகரக் கொட்டகை, அதற்கு எவன் ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பான்? மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். நான்காவது தடவை அவர் வரவில்லை. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் அதிகாரி முன்னால் கையெழுத்தோ ரேகையோ வைத்துச் 'சிறு கணக்கு' தொடங்கலாம் என்று அதற்கு முன்பே விதி வந்துவிட்டது. இருப்பு 50,000 வரை வைக்கலாம். சுற்றறிக்கை என் மேஜையில்தான் இருந்தது. வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். அவர் தமிழில் கெஞ்சியதும் நான் தமிழிலேயே மறுத்ததும் இப்போதும் உறுத்துகிறது.

பயம் பொய் என்று சொல்லவில்லை. 2008 ஜூலை 25, வெள்ளிக்கிழமை, பெங்களூரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. மடிவாளா பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் இறந்தார். நாம் எல்லோரும் சேலம், ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கிற மடிவாளாதான். 2024 மார்ச் 1-ல் புரூக்ஃபீல்டு ராமேஸ்வரம் கஃபேயில் வெடித்தபோது, ஆளைத் தேட உதவியது கேமராப் பதிவுகள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் விசாரணை முடியும் முன்பே, தமிழ்நாட்டிலிருந்து வந்து குண்டு வைக்கிறார்கள் என்று ஒரு மத்திய அமைச்சர் பேசினார், பிறகு மன்னிப்புக் கேட்டார். ஏப்ரலில் கொல்கத்தா அருகே பிடிபட்ட முக்கியக் குற்றவாளிகள் என்று சொல்லப்படும் இருவரும் சிவமொக்கா மாவட்டம் தீர்த்தஹள்ளிக்காரர்கள். அந்த மார்ச் மாதம் என் மகள் பள்ளி வேனில் தமிழ் பேச யோசித்தாள்.

இதே பெங்களூரில்தான் நீதிபதி கே.எஸ். புட்டசாமியும் இருந்தார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஓய்வு பெற்றவர், 2012-ல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018-ல், வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயம் இணைக்கச் சொல்லக்கூடாது என்றும் தீர்ப்பு வந்தது. அதற்கு முந்தைய ஒரு வருடம் முழுக்க "ஆதார் இணைச்சுட்டீங்களா?" என்று வாடிக்கையாளர்களைத் துரத்திய ஆள் நான். 2024 அக்டோபரில் அவர் காலமானார்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருந்தால் நாளை அந்த அம்மாதான் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டும். கொடுக்கும்போது, அந்தப் பையன்களின் பெயர் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒருத்தன் செல்வம். இன்னொருத்தன் பேரு வரமாட்டேங்குது தம்பி. ரெண்டு பேரும் நல்ல பசங்க."

1991-ல் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அட்வான்ஸ் பணத்தை வட்டியோடு கொடுக்க அந்த அம்மா தயார். கணக்கு நான் போட்டுத் தருகிறேன்.