அட்டையில் ஒரு பெயர்: ரெகேயின் இந்திய வேர் பற்றிய மறுவாசிப்பு

ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமய இயக்கத்துக்கும் இந்தியாவுக்கும் உறவு தேடுகிறவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். லக்ஷ்மி மான்சிங், அஜய் மான்சிங் இணையர் எழுதிய 'ராஸ்தஃபாரியத்தில் இந்துத் தாக்கங்கள்' என்ற கட்டுரை அது. ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டின் பதிப்பில் 'கரீபியன் குவார்ட்டர்லி' 1985 இல் கொண்டுவந்த தனி வெளியீட்டில் அது இடம்பெற்றது. கஞ்சா புகைத்தல், புலால் மறுத்தல், சடைமுடி, இறைவன் மனித உருவில் மண்ணில் நடமாடுவான் என்ற நம்பிக்கை ஆகிய நான்கும் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த இந்துக் கூலிகளிடமிருந்து ஆப்பிரிக்க ஜமைக்கர்களுக்குப் போய்ச் சேர்ந்தவை என்பது அவர்கள் வாதம். பின்னாளில் ரெகேயின் இந்தியத் தொடர்பு பற்றி எழுதியவர்களில் பலர் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரை அதை முழுதாக மறுக்கவில்லை. இந்தியப் பங்கு உண்டு. ஆனால் மான்சிங் இணையர் காட்டும் இடத்தில் அது இல்லை.

அவர்களுக்கு உரிய நன்றியைச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். 1980கள் வரை ஜமைக்க வரலாற்றில் இந்தியர் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே இருந்தார்கள். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட 'புளண்டெல்' கப்பல் 1845 மே 10 அன்று ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் நங்கூரமிட்டது. 1910களின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ 36,000 பேர் அப்படி வந்தார்கள், பெரும்பான்மையோர் திரும்பவில்லை. இத்தனை பேர் முக்கால் நூற்றாண்டு அக்கம்பக்கத்தில் வாழ்ந்துவிட்டு எந்தத் தடயமும் விடாமல் போயிருக்க முடியாது என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் மான்சிங் இணையரும் அடங்குவர். பூச்சியியல் பேராசிரியர் ஒருவரும் நூலகர் ஒருவரும் தங்கள் துறைக்கு வெளியே வந்து செய்த வேலை அது.

சிக்கல் அவர்களுடைய முறையில் இருக்கிறது. இரண்டு வழக்கங்கள் ஒத்திருந்தால் ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்கிறார்கள். எப்போது, எந்த ஊரில், யார் கையிலிருந்து யார் கைக்கு என்று கேட்பதில்லை. சடைமுடியை எடுத்துக்கொள்ளலாம். பாரி செவன்னஸ் தம் 1994 நூலில் அதை 1940களின் இறுதியில் கிங்ஸ்டனில் திரண்ட 'யூத் பிளாக் ஃபெய்த்' என்ற இளைஞர் குழுவோடு இணைக்கிறார். கென்யாவின் மாவ் மாவ் போராளிகளின் படங்கள் செய்தித்தாளில் வந்த பிறகே அது பரவியது என்பாரும் உண்டு. அப்படியானால் 1950களுக்கு வந்துவிடுகிறோம். ராஸ்தாக்களின் பினக்கிள் குடியிருப்பில் காவல் நின்றவர்கள் அதற்கு முன்பே சடை வளர்த்தார்கள் என்ற தரப்பும் இருக்கிறது. இந்த மூன்றில் எது சரியென்று இன்றும் முடிவாகவில்லை. எதை ஏற்றாலும், கூலிக் கப்பல்கள் நின்று ஒரு தலைமுறைக்குப் பிறகுதான் சடை தெருவுக்கு வருகிறது. சாதுக்களைப் பார்த்து வளர்த்திருந்தால் 1890களிலேயே வளர்த்திருக்க வேண்டாமா?

மான்சிங் தரப்பின் வலுவான சான்று ஒரு பெயர். லியனார்ட் ஹவல், ராஸ்தஃபாரியின் முதல் போதகர்களில் ஒருவர், 1898 இல் கிளாரண்டன் வட்டாரத்தில் பிறந்தவர். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியின் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றுக்கொண்டு செயின்ட் தாமஸ் வட்டாரத்தில் கூட்டம் போட்ட அவரை, 1934 மார்ச்சில் மொராண்ட் பே நீதிமன்றம் அரச நிந்தனைக்காக இரண்டாண்டு சிறைக்கு அனுப்பியது. 'தி பிராமிஸ்டு கீ' என்ற சிறு நூல் அவருடையது. ஆனால் அதன் முகப்பில் ஹவல் என்ற பெயரே கிடையாது. ஆசிரியர் ஜி. ஜி. மராக் என்று இருக்கிறது. வெளியிட்டவர் அக்ராவில் 'ஆஃப்ரிகன் மார்னிங் போஸ்ட்' இதழின் ஆசிரியர் நாம்தி அசிகிவே. பிற்காலத்தில் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரானவர்.

இந்த ஜி. ஜி. என்பதை 'கங்குன்குரு' என்று விரித்து, ஞானமும் குணமும் உடைய குருவாகிய மகாராஜா என்று பொருள் காண்கிறது மான்சிங் வழி விளக்கம். லாலு என்ற இந்தியர் ஹவலின் மெய்க்காவலராக இருந்து இந்தப் பட்டத்தைச் சூட்டினார் என்ற வாய்மொழிச் செய்தியும் கூடவே வருகிறது. ஹவல் இந்து ஞானத்தை உள்வாங்கிக்கொண்டார், அதற்கு அவர் புனைபெயரே சாட்சி என்று முடிக்கிறார்கள்.

முகப்பைத் திருப்பி உள்ளே போனால் இந்த முடிவு தள்ளாடுகிறது. நூலின் பெரும்பகுதி ஃபிட்ஸ் பாலண்டைன் பெட்டர்ஸ்பர்க் 1926 இல் வெளியிட்ட கறுப்பு மேலாண்மைச் சுருளிலிருந்து எடுத்தாளப்பட்டது. எத்தியோப்பிய முடிசூட்டு விழா, உண்ணாநோன்பு, மூலிகை வைத்தியம் செய்யும் 'பாம் யார்டு', ரோமத் திருச்சபை மீதான வசை ஆகியவையே அதில் பேசப்படுகின்றன. வில்லியம் டேவிட் ஸ்பென்சர் 1998 இல் இதை வரிவரியாக ஆராய்ந்தபோதும் அவருக்கு அகப்பட்ட மூலங்கள் விவிலியமும் கறுப்பு எத்தியோப்பிய எழுத்துகளும்தான். இந்தியா அட்டையோடு நின்றுவிடுகிறது.

அட்டையில் அது ஏன் இருக்கிறது என்பதே கேள்வி. அச்சில் உள்ளவை இரண்டு முதலெழுத்துகளும் ஒரு குடும்பப் பெயரும் மட்டுமே. குரு அங்கே இல்லை. மராக் என்பது ஜமைக்க இந்தியரிடையே இன்றும் புழங்கும் சாதாரணக் குடும்பப் பெயர். மகாராஜ் என்பதன் ஜமைக்க உருவம். முருகேசன், செட்டியார் போலப் பதிவேட்டில் ஏறி உறைந்துவிட்ட பெயர். அதைக் கேட்கும் ஜமைக்கர் காதில் அரசனோ ஆசானோ ஒலிக்க மாட்டார். பக்கத்துத் தோட்டத்து இந்தியர் ஒருவர்தான் நினைவுக்கு வருவார். அரச நிந்தனைக்குத் தண்டனை பெற்ற ஒருவர் அடுத்த நூலை அச்சேற்றும்போது, போலீஸ் கண்ணுக்கு உறுத்தாத ஒரு குடும்பப் பெயரை அண்டை வீட்டாரிடமிருந்து கடன் வாங்கியிருக்கலாம். அந்த அளவில் இது சமயத் தாக்கம் ஆகாது, அக்கம்பக்கத்து உறவு.

இந்த வாதத்துக்கும் ஒரு தடை இருக்கிறது. ஹவலை அவர் ஆட்கள் வெளிப்படையாகவே, கங்குன்குருவைச் சுருக்கி, 'காங்' என்று அழைத்தார்கள். மறைப்புக்கு மட்டும் வைத்த பெயர் என்றால் அது எதற்கு? பாப் மார்லியின் 'டஃப் காங்' இசைத்தட்டு முத்திரைக்கு இதுவே மூலம் என்று சொல்லப்படுகிறது. மறைப்பாகத் தொடங்கியது பட்டமாக வளர்ந்தது என்று கொள்வதே இப்போதைக்குப் பொருந்துகிறது. நூலின் காலமும் முழுதாகத் தீரவில்லை. 1935 வாக்கில் என்றே பட்டியல்கள் குறிக்கின்றன. அசிகிவே அக்ராவில் இதழ் நடத்தியது 1935 தொடங்கி 1937 வரை. அதில் முதல் பாதியில் ஹவல் சிறைக்குள் இருந்தார். கைப்பிரதி கடல் கடந்து போனதா, அக்ரா முகவரியே ஒரு மறைப்பா என்பது திறந்த கேள்வி. பின்னதாக இருந்தால் ஆசிரியர் பெயரும் பதிப்பாளர் பெயரும் ஒரே உத்தியின் இரண்டு பக்கம் என்றாகி, மேலே சொன்ன வாசிப்பு வலுப்பெறும்.

கஞ்சா விஷயத்தில் மான்சிங் இணையரோடு தகராறு இல்லை. செடி, பெயர், சிலும்பி மூன்றும் இந்தியத் தொழிலாளர் வழி வந்தவை. 1913 இல் ஜமைக்கா கஞ்சாத் தடைச் சட்டம் போட்டபோது அது குறிவைத்தது ராஸ்தாக்களை அல்ல, அந்த இயக்கம் அப்போது பிறக்கவே இல்லை. பீட்டர் டோஷ் 1976 இல் 'லீகலைஸ் இட்' என்று இசைத்தட்டுக்குப் பெயர் வைத்தது அந்தச் சட்டத்தின் வாரிசுகளை எதிர்த்துத்தான்.

இசைக்கு வந்தால் நிலைமை வேறு. கென்னத் பில்பியும் எலியட் லீபும் 1986 இல் காட்டியபடி, ஹவலின் ஆரம்பக் கூட்டங்கள் நடந்த செயின்ட் தாமஸ், குமினா வழிபாட்டின் கோட்டை. அதைக் கொண்டுவந்தவர்கள் அடிமை ஒழிப்புக்குப் பின் வந்த மத்திய ஆப்பிரிக்கத் தொழிலாளர். குமினா மேளத்தைத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல் அமர்ந்து, குதிகாலால் தோலை அழுத்திச் சுருதி மாற்றி வாசிப்பார்கள். ராஸ்தா மேளக் கலைஞர் கவுண்ட் ஆசி கற்றதோ மேற்குக் கிங்ஸ்டனின் புரு மேளம். பேஸ், ஃபண்டே, ரிப்பீட்டர் என்ற மூன்று மேளக் கட்டு அங்கிருந்து வந்தது. ஃபோக்ஸ் சகோதரர்களின் 'ஓ கரோலினா'வுக்காகப் பிரின்ஸ் பஸ்டர் அந்த மேளங்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்; ஆண்டு 1960 என்றும் 1961 என்றும் இருவகையாகத் தரப்படுகிறது.

சென்னையிலிருந்தும் 1846, 1847 ஆண்டுகளில் ஜமைக்காவுக்குக் கப்பல் போயிற்று; எனவே ராஸ்தாக்களின் நயாபிங்கி மேளத்தில் பறையைக் கேட்க நமக்கு ஆசை வரும். அடங்க வேண்டிய ஆசை அது. பறை நெருப்பில் காய்ச்சித் தோளில் மாட்டி இரு குச்சிகளால் அடிக்கும் ஒருமுகக் கருவி. மேலே சொன்ன எதிலும் அந்த அமைப்போ அடியோ இல்லை. கயானாவில் 'மதராசி'களின் காளியம்மன் பூசை 'தப்பு' என்ற பெயரோடே மேளத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஜமைக்காவில் அதற்கு இணையாக நிலைத்தது ஹுசே என்ற முகரம் ஊர்வலம். மார்த்தா பெக்வித் 1924 இலேயே அதைப் பதிவுசெய்தார். அதன் மேளம் ஊர்வலத்தோடு நின்றது, ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வரவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1966 முதல் 1968 வரை ஓடிய ராக்ஸ்டெடி காலத்தில் ராஸ்தா மேளமே ஏறக்குறைய ஒதுங்கிவிட்டது. ஆல்டன் எல்லிஸின் 'ராக் ஸ்டெடி', பாரகன்ஸ் பாடிய 'தி டைட் இஸ் ஹை' போன்றவை ஆட்டமும் காதலும் பற்றிய பாட்டுகள். தாளம் தளர்ந்து பேஸ் கித்தார் முன்னுக்கு வந்தது. 1969 இல் அபிசீனியன்ஸ் 'சத்த மசகானா'வைப் பதிந்த பிறகுதான் எத்தியோப்பியா பாட்டுக்குத் திரும்புகிறது. தோட்டத்து மேளத்திலிருந்து மார்லி வரை அறுபடாத ஒரு கோடு வரைகிறவர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் இந்தியர் ரெகேக்குள் எப்போது வந்தார்கள்? அதே குடும்பப் பெயரோடு, ஐம்பது ஆண்டு கழித்து. 1985 இல் 'சி பூப்ஸ் தே' இசைத்தட்டால் பெயரெடுத்த சூப்பர் கேட்டின் இயற்பெயர் வில்லியம் மராக். இந்தியர் நிறைந்த காக்பர்ன் பென் பகுதிக்காரர், ஆப்பிரிக்க இந்தியக் கலப்பு. 1992 இன் 'டான் டாடா'வில் இருக்கும் மராக், ஹவலின் அட்டையில் இருந்த மராக்தான். ஆனால் இங்கே அதில் மறைபொருளைத் தேட யாருக்கும் தோன்றவில்லை. 'வைல்டு அப்பாச்சி' என்ற சூப்பர் கேட்டின் பட்டத்தைப் பார்த்துத் தன் பெயரை அமைத்துக்கொண்டவர் பர்மிங்காமின் அப்பாச்சி இந்தியன். அவர் 1996 இல் பி. வாசுவின் 'லவ் பேர்ட்ஸ்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான் இசையில் 'நோ பிராப்ளம்' பாடினார். 2007 இல் ஈழத் தமிழ்க் குடும்பத்தின் எம்.ஐ.ஏ. சென்னையில் உறுமி மேளங்களைப் பதிந்து 'பாய்ஸ்' பாட்டை உருவாக்கி, காட்சியைக் கிங்ஸ்டனில் எடுத்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடி மார்க்கெட்டிலும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலும் பைக்கின் பின்னால் சிவப்பு, மஞ்சள், பச்சையில் மார்லி ஒட்டியிருப்பதற்கும் இந்தப் பாதையே காரணம்: கேசட், சினிமா, பிறகு கைப்பேசி. 1847 இன் கப்பலிலிருந்து அதற்கு நேர்க்கோடு போட முடியாது. மான்சிங் இணையரின் கருத்தை மீட்க விரும்புகிறவர்கள் தத்துவ ஒப்புமைகளை அடுக்குவதை விட்டு, செயின்ட் தாமஸ் வட்டாரத்தின் 1935க்கு முந்தைய பிறப்பு, நில, தோட்டப் பதிவேடுகளில் மராக் குடும்பங்களைத் தேடலாம். ஹவல் நடமாடிய டிரினிட்டிவில் பக்கத்தில் அப்படியொரு வீடு இருந்தது என்று தெரிந்தால் இங்கே சொன்ன வாசிப்பு நிலைக்கும். மராக்குகள் தீவின் மறுகோடியான வெஸ்ட்மோர்லேண்டில் மட்டுமே இருந்தார்கள் என்றால், லாலுவின் கதைக்கு மீண்டும் காது கொடுக்க வேண்டியிருக்கும்.