பழைய கணினியும் புதிய வாயிலும்



வன்னிப் பெருநிலத்திலே குளத்து நீர் வயலை அடைவதற்குத் துருசே வாயில். இரணைமடுவில் எவ்வளவு நீர் நிறைந்து நின்றாலும், துருசு துருவேறித் திறவாது போனால், கடைவாய்க்காலில் இருக்கும் கமக்காரருக்கு அந்த நீர் இல்லாத நீரேயாகும். இணையம் என்னும் பெருங்குளத்துக்கும் அத்தகைய வாயில் ஒன்று உண்டு. அதனை உலாவி என்பர். மேலோடி என்று கூறுவாரும் உளர். கணினியோடு கூடவே வந்த உலாவி முதுமையடைந்ததையும், அதனை மாற்ற நேர்ந்ததையும் பற்றியே இன்று கூற எடுத்துக்கொண்டேன்.

அமெரிக்க நாட்டு மைக்ரோசொப்ற் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியை வெளியிட்டது. பின்னர் அதனைத் தன் விண்டோஸ் முறைமையோடு பிணைத்தே வழங்கலாயிற்று. இது நேர்மையான போட்டியன்று என்று கருதிய அமெரிக்க அரசு, 1998 மே மாதத்தில் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. ஆயினும் வழக்கு முடியுமுன்னரே எதிராளியான நெற்ஸ்கேப் தளர்ந்துவிட்டது. 2001இல் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பும், அதனைத் தாங்கிய விண்டோஸ் எக்ஸ்பியும் வெளிவந்தன. அதன் பின் ஐந்து ஆண்டுகள், 2006 வரை, புதிய பதிப்பு எதுவும் வரவில்லை. போட்டி ஒழிந்த இடத்திலே முயற்சியும் ஒழிந்தது.

தமிழருக்கு இந்த உலாவியோடு வேறொரு பிணைப்பும் இருந்தது. அக்காலத்தில் தமிழ் இணையத்தளங்கள் பல தத்தமக்கெனத் தனி எழுத்துருக்களைக் கையாண்டன. ஒன்றின் எழுத்துக் குறியீடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. உரிய எழுத்துரு கணினியில் இல்லையேல், தமிழ்ப் பக்கம் பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகவே தோன்றும். பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதி எக்ஸ்புளோரரில் இருந்தமையால், தமிழ்த் தளங்கள் பல அதனையே நம்பின. 2004 நவம்பரில் பயர்பொக்ஸ் என்னும் புதிய உலாவி வந்தபோது, அதற்கு மாறிய தமிழர் நாள்தோறும் படித்த பக்கங்களையே படிக்க இயலாது திகைத்தனர். அவ்வெழுத்துகளை மாற்றிக் காட்டுவதற்குப் பத்மா என்னும் துணைக்கருவி ஒன்று தோன்றியதென்றால், இடர் எத்தகையது என்பது விளங்கும் அன்றோ?

இக்கட்டை அவிழ்த்தது யூனிகோட் என்னும் பொதுக் குறியீடு. 1991ஆம் ஆண்டிலேயே அதில் தமிழ் இடம்பெற்றிருந்தது. இலங்கையிலும் 2008இல் தமிழ்க் குறியீட்டுக்கான எஸ்எல்எஸ் 1326 என்னும் தேசிய நியமம் வகுக்கப்பட்டது. தளங்கள் ஒவ்வொன்றாகப் பொதுக் குறியீட்டுக்கு மாறிய பின்னரே தமிழர் விரும்பிய உலாவியைத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றனர் எனலாம்.

உலகம் இவ்வாறு வாயில் மாற்றிய ஆண்டுகளில் வன்னி மக்களின் நிலை யாது? 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. எக்ஸ்பிக்குக் கிடைத்த இறுதி எக்ஸ்புளோரர், எட்டாம் பதிப்பு, 2009 மார்ச்சில் வெளிவந்தது. அந்த மார்ச்சிலே வன்னி மக்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தில் போரின் நடுவே உயிரைக் கையிற் பிடித்து நின்றனர். பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் வாழ்ந்த செட்டிகுளம் மெனிக் முகாம் 2012 செப்ரெம்பரிலேதான் மூடப்பட்டது. அவர்கள் வீடு திருத்திக் குடியமர்ந்துகொண்டிருந்த வேளையில், 2014 ஏப்பிரல் 8ஆம் நாளோடு எக்ஸ்பிக்கான ஆதரவும் முடிவுற்றது.

அதன் விளைவு சிறிதன்று. இன்றைய தளங்கள் செய்தியைப் புதிய மறைகுறிப் பூட்டினால் பூட்டி அனுப்புகின்றன. பழைய எக்ஸ்புளோரரிடம் அப்பூட்டுக்குரிய திறவுகோல் இல்லை. பரீட்சைப் பெறுபேறு பார்க்கவும் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவும் இணையமே வழியாகிவிட்ட நாளில், பழைய கணினியின் முன் அமரும் மாணவருக்குக் கிடைப்பது வெறுந்திரையே. குற்றம் தம்முடையதென்று அவர் எண்ணவுங்கூடும். குற்றம் வாயிலினது.

பரிகாரம் இரண்டு. முறைமை தாங்குமாயின் வேறு உலாவியை நிறுவுவது முதலாவது. ஆனால், எக்ஸ்பிக்கு அவ்வழியும் அடைபட்டுவிட்டது. குறோம் 2016இலும் பயர்பொக்ஸ் 2018இலும் அதனைக் கைவிட்டன. ஆகவே, கணினி பயன்படத்தக்க நிலையில் இருப்பின், முறைமையையே மாற்றி, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளுள் அதற்குப் பொருந்திய எளிய ஒன்றை நிறுவுவது இரண்டாவது. எக்ஸ்புளோரரோ, 2022 யூன் 15ஆம் நாள் மைக்ரோசொப்ற் நிறுவனத்தாலேயே ஓய்வு பெற்றது.

வரலாறு மீளவும் நிகழும். விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிவுற்றது. நகரத்து அலுவலகங்களும் வெளிநாட்டு உறவினரும் கழிக்கும் கணினிகளுட் சில, அன்பின் பேரால் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் வந்து சேரக்கூடும். கொடுப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும்: இக்கணினியின் வாயில் இன்னும் எத்தனை ஆண்டு திறக்கும் என்று பார்த்த பின்னரே கொடுத்தல் நன்று. திறவாத துருசைக் கொடுத்துவிட்டு நீர் கொடுத்தோம் என்று மகிழ்வது ஈகையாகாது.