குப்பைத்தொட்டியிலிருந்து 57-வது நொடி வரை

தீபாவளி லீவில் குடும்பத்தோடு மவுண்ட் அபு போய் வந்தோம். அகமதாபாத்தில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும், இங்கே அதுதான் ஊட்டி, அதுதான் கொடைக்கானல். தீபாவளி வெகேஷன் என்றால் பாதி குஜராத் அங்கேதான் நிற்கும். குருசிகர் ஏறும் வழியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டபோது பத்தாவது படிக்கும் மகள், "அப்பா, இந்த மலையிலதான் டாக்டிக்னு ஒரு காமா கதிர் டெலஸ்கோப் இருக்கு" என்றாள். காமா கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வரவே வராது என்று எங்கோ படித்த ஞாபகம். வராததை எப்படிப் பார்க்கிறார்கள்? நான் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் டெபிட் கிரெடிட் பார்ப்பவன். ஆனாலும் கேள்வி விடவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க நம்ம வங்கி வேலையின் வாடையும் கொஞ்சம் அடித்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

விண்வெளியிலிருந்து வரும் காமா கதிர் நம் தலைக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி உடைகிறது. அதிலிருந்து சிதறும் துகள்கள், காற்றுக்குள் ஒளி போகும் வேகத்தையே மிஞ்சி ஓடுகின்றன. அப்போது மங்கலான நீல வெளிச்சம் ஒன்று பளிச்சிடும். செரன்கோவ் ஒளி என்று பெயர். ஒரு செகண்டை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஐந்தாறு பங்குதான் அதன் ஆயுள். டெலஸ்கோப் பார்ப்பது காமா கதிரை அல்ல, இந்த வெளிச்சத்தை.

1952-ல் இங்கிலாந்தின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வுக்கூடத்தில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் இதை முதலில் பிடித்தார்கள். கருவி என்ன தெரியுமா? ஒரு குப்பைத்தொட்டி. அதற்குள் 25 செ.மீ. கண்ணாடி, அதன் முன் ஒளியை மின்சாரமாக்கும் ஒரு குழாய். இரவு வானத்தை நோக்கி வைத்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் துடிப்பு வந்தது. (நம்ம ஆபீசில் ஒரு ஸ்டேப்ளர் வாங்கவே மூன்று கையெழுத்து வேண்டும்!)

ஆனால் அந்தத் துடிப்புகள் எல்லாம் காமா கதிர் இல்லை. எல்லாத் திசையிலிருந்தும் கொட்டும் காஸ்மிக் கதிர்களும் இதே வெளிச்சத்தைத்தான் போடும். கேஷ் கவுண்டரில் ஆயிரம் கள்ள நோட்டுக்கு நடுவே ஒரு நல்ல நோட்டு வந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த நிலைமை. அறுபதுகளில் சோவியத்தின் சுதாகோவ் கிரிமியாவில் 12 கண்ணாடிகளை வைத்துத் தேடினார், கிடைக்கவில்லை. எழுபதுகளில் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஊட்டியிலும் தேடினார்கள். எண்பதுகளில் "கண்டுபிடித்துவிட்டோம்" என்று உலகின் பல மூலைகளிலிருந்தும் குரல் வந்தது. நிறைய நிற்கவில்லை.

வழி காட்டியவர் மைக்கேல் ஹில்லாஸ், 1985-ல். காமா கதிரின் வெளிச்சம் கேமராவில் ஒல்லியான முட்டை வடிவத்தில் விழும், அது வந்த இடத்தைச் சுட்டிக்காட்டும். காஸ்மிக் கதிருடையது கோணல்மாணலாகப் பரவி விழும். பழகின கேஷியர் நோட்டை விரலால் தடவியே சொல்லிவிடுவாரே, அது மாதிரி. இதை வைத்து அரிசோனாவின் விப்பிள் டெலஸ்கோப்பில் ட்ரெவர் வீக்ஸ் குழு நண்டு நெபுலாவைப் பிடித்தது. கேமராவில் வெறும் 37 பிக்சல். சுமார் 80 மணி நேரத் தகவலைப் பிறகு உட்கார்ந்து அலசி, 1989-ல் வெளியிட்டார்கள். அப்போது அவசரமில்லை. நண்டு நெபுலா எங்கும் ஓடிப்போகாது.

ஓடிப்போகிறவையும் வானத்தில் உண்டு என்று 1996-ல் தெரிந்தது. மார்க்கேரியன் 421 என்ற கேலக்ஸி அந்த மே மாதம் ஒரு ராத்திரி, ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகப் பிரகாசித்தது. அதே மாதம் இன்னொரு ராத்திரி, அரை மணிக்குள் எழுந்து அடங்கிவிட்டது. இதை அடுத்த மாதம் கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டால் வேறு டெலஸ்கோப்புக்கு யார் சொல்வது?

இந்த இடத்தில் என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். சந்தேகமான பட்டுவாடாக்களின் பட்டியல் ராத்திரி டே-எண்ட் முடிந்து மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரிண்ட் எடுத்து மேஜைக்கு வரும். ஒரு நாள் அதில் ஒரு பென்ஷன்காரரின் கணக்கு. முந்தைய நாள் மதியம் யாரோ அவருடைய கார்டில் மூன்று தடவை பணம் எடுத்திருந்தார்கள். பட்டியலில் தேதி, தொகை, நேரம் எல்லாம் துல்லியம். எதிரே அவரே உட்கார்ந்திருந்தார். "சார், நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஸ்பெயினுக்குச் சொந்தமான லா பால்மா தீவின் மேஜிக் டெலஸ்கோப்காரர்கள் இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொண்டவர்கள். 17 மீட்டர் கண்ணாடி, 60 டன்னுக்கு மேல் எடை, ஆனால் வானத்தின் எந்தப் பக்கமும் அரை நிமிஷத்துக்குள் திரும்பும். காமா வெடிப்பு என்ற பிரம்மாண்ட வெடிப்புகளைப் பிடிப்பதற்காகவே இந்த வேகம். 2005-ல் ஒரு வெடிப்பு தொடங்கிய 40-வது நொடியிலேயே திரும்பிப் பார்த்துவிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகும் வருஷக்கணக்கில் திரும்பினார்கள், ஒன்றும் இல்லை. எனக்கு இந்தச் சரித்திரத்தில் பிடித்த பகுதியே இதுதான். காலி வலையோடு பதினான்கு வருஷம்!

2019 ஜனவரி 14. நாசாவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஒரு வெடிப்பைப் பார்த்துத் தானாகவே தகவல் அனுப்பியது. வானத்தில் நிலா வேறு. 57-வது நொடியில் மேஜிக் பார்க்கத் தொடங்கியது. பக்கத்துப் பிக்சல்கள் சில நானோ செகண்டுக்குள் சேர்ந்து மின்னினால்தான் எலக்ட்ரானிக்ஸ் அதை உள்ளே விடும். இரண்டு டெலஸ்கோப்பும் ஒன்றாகச் சொன்னால்தான் பதிவாகும். பதிவானதை அந்த மலையிலேயே கம்ப்யூட்டர் அப்போதைக்கப்போது அலசி, முட்டை வடிவம்தானா என்று பார்க்கும். 20 நிமிஷத் தகவலிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத சிக்னல் வந்துவிட்டது. முதல் அரை நிமிஷத்தில் நண்டு நெபுலாவைவிடச் சுமார் 100 மடங்கு வெளிச்சம். வெடிப்பு நடந்து சுமார் நான்கு மணி நேரத்தில் ராஸ்மிக் மிர்சோயன் உலகத்துக்குத் தந்தி அடித்துவிட்டார் (வானியல்காரர்கள் இன்னும் 'தந்தி' என்றுதான் சொல்கிறார்கள், மின்னஞ்சல்தான்). தரையிலிருந்து ஒரு காமா வெடிப்பைப் பிடித்து இப்படி அறிவித்தது அதுதான் முதல் தடவை.

அந்த நான்கு மணி நேரக் கணக்கு ப்ரொவிஷனல்தான். ஆடிட் ஆன கணக்கு அதே வருஷம் நவம்பரில் நேச்சர் இதழில் வந்தது. ப்ரொவிஷனல் தப்பாகியிருந்தால் மானம் போயிருக்கும். எங்கள் வேலையிலும் அதே சிக்கல். இப்போது கார்டு தேய்த்த நொடியில் சிஸ்டம் சந்தேகப்படுகிறது. ஆஸ்பத்திரி பில் கட்டுகிறவரின் கார்டையும் சில நேரம் நிறுத்திவிடுகிறது. அவர் போனில் திட்டும் திட்டு எனக்குத்தான்.

அடுத்த தலைமுறை லா பால்மாவிலும் சிலியிலும் எழுந்துகொண்டிருக்கிறது. தகவல் வந்த 30 நொடிக்குள் எச்சரிக்கை போக வேண்டும் என்பது அங்கே வைத்திருக்கும் இலக்கு. நம் நாட்டில் லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், 21 மீட்டர் கண்ணாடியோடு மேஸ் என்ற டெலஸ்கோப் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது, "உள்ளே விடாத பளிச் எல்லாம் எங்கப்பா போகும்?" என்றாள். எங்கும் போகாது, பதிவே ஆகாது, திரும்பத் தேடவும் முடியாது என்றேன். "அதுல நல்லது ஒண்ணு இருந்திருந்தா?" என்றாள். இருந்திருக்கும்தான். அதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். ஹான்லே போக ஜூனில் லீவு கேட்டிருக்கிறேன், சாங்ஷன் ஆனால் படங்களோடு எழுதுகிறேன்.